கெல்டிக் பெண்குரல்: சினிமா ஹம்மிங் ஆகிவிடாமல் பாடுவது எப்படி?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம். ஜூன் 21 அன்று புதுச்சேரியில் நடக்கும் ஃபெத் த லா முசீக் (பிரெஞ்சு இசை விழா) மேடைக்கு 15 நிமிட நிகழ்ச்சி ஒன்று தயாராகிறது. 5 பெண்கள், ஒரு வயலின், ஒரு டி டின்விசில் (தகரக் குழல்). பாடுகிறவர்கள் எல்லோரும் கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் தாண்டியவர்கள். 4 பேருக்குச் சுருதி 5 கட்டை (மேற்கத்திய ஜி), ஒருவருக்கு ஐந்தரை. எடுத்திருப்பது கெல்டிக் மரபுப் பாட்டுகள்: அயர்லாந்துப் பாட்டு இரண்டு, ஸ்காட்லாந்து கேலிக் பாட்டு ஒன்று. நேரம் இருந்தால் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பேசும் பிரெத்தோன் மொழிப் பாட்டு ஒன்றும் சேர்க்கலாம். புதுச்சேரி மேடையில் பிரான்சு பக்கம் திரும்பாமல் இறங்க மனசில்லை.

சிக்கல் இதுதான். ஸ்வரம் சரியாக விழுகிறது, தாளமும் சரி. ஆனால் பதிவு செய்து கேட்டால் பாதி இடம் பஜனை மாதிரி இருக்கிறது, மீதி இடம் சினிமாப் பின்னணி ஹம்மிங் மாதிரி இருக்கிறது. மோயா பிரென்னன், கேரன் மாதீசன், ஜூலி ஃபவுலிஸ் போன்ற பாடகிகள் குரலில் இருக்கிற அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? குரல்வாகா, மொழியா, ஸ்டூடியோ வேலையா? எந்தச் சுருதியில் எடுப்பது, கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) எவ்வளவு குறைப்பது, எக்கோ எவ்வளவு வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'தேவதைக் குரல்' என்கிற வர்ணனை மட்டும் வேண்டாம், அது யூட்யூப் கமெண்ட்டில் தாராளமாகக் கிடைக்கிறது.

---

மத்திமசுருதி எழுதியது:

மூன்றும்தான். ஆனால் மூன்றும் ஒரே பாடகியிடம் ஒரே அளவில் இருக்காது, அங்கேதான் குழப்பம்.

அயர்லாந்தின் பழைய பாணிக்கு ஷான் நோஸ் என்று பெயர். பக்கவாத்தியம் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது, ஒருவர் மட்டும் பாடுவார். குரல் நடுங்காது. சோகம் ஏறுகிற இடத்தில் சத்தம் ஏறாது. பேச்சுக் குரல் எங்கே முடிந்து பாட்டுக் குரல் எங்கே தொடங்கியது என்று தெரியாத அளவுக்கு இயல்பாக இருக்க வேண்டும். கடைசி வரியின் கடைசிச் சொற்களைப் பாடாமல் சும்மா பேசி நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. சினிமா ஹம்மிங் இதற்கு நேர் எதிர்: மூச்சுக்காற்று கலந்த தலைக்குரல், வரி முடிவில் தேய்ந்து மறைவது, சொல்லே இல்லாத ஆகாரம். உங்கள் பதிவு அப்படிக் கேட்கிறதென்றால் முதலில் இந்த மூன்றையும் கழித்துவிடுங்கள்.

இழுப்பு எங்கிருந்து என்று கேட்டீர்கள். அந்தப் பாட்டுகளில் பலவற்றில் பேசுகிறவள் ஒரு பெண். கைவிட்டுப் போனவனிடமோ கடலோடு போனவனிடமோ 'நீ', 'நான்' என்று நேரே பேசுகிறாள். பாடகி அந்தப் பேச்சுக்கு வழிவிட்டால் போதும். இனிமை சேர்க்கப் போனால் பேசுகிறவள் பின்னால் போய்விடுவாள், பாடகி முன்னால் வந்து நிற்பாள். அயர்லாந்துப் பாடகி டொலோரஸ் கீனின் கனத்த, சற்றுக் கரகரப்பான குரலை 'தேவதை' என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்க உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார்.

இனி சுருதி. கட்டையை முடிவு பண்ணுவதற்கு முன் மெட்டின் எல்லையைப் பாருங்கள். இந்த மெட்டுகள் பெரும்பாலும் 9 முதல் 11 ஸ்வரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் இரண்டு வகை உண்டு. ஒன்று, கீழ் ஷட்ஜத்தில் தொடங்கி மேல் ஷட்ஜத்தைத் தாண்டி ரிஷபம், காந்தாரம் வரை போவது. இதற்கு உங்கள் 5 கட்டை அப்படியே பொருந்தும், மேல் காந்தாரம் வரை மார்புக்குரலிலேயே போகலாம். இன்னொன்று, மந்தர பஞ்சமத்தில் இருந்து மத்திய பஞ்சமம் வரை, ஷட்ஜம் நடுவில் உட்கார்ந்திருப்பது. நவரோஜ் ராகம் பாடுகிற மாதிரி. இதை 5 கட்டையில் எடுத்தால் மந்தர பஞ்சமம் தொண்டைக்குள் புதைந்துவிடும். உடனே குழு முழுக்க ஒரு ஸ்தாயி மேலே தாவும், தாவியதும் தலைக்குரல், தலைக்குரல் வந்ததும் ஹம்மிங். உங்கள் பதிவில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இந்த வகையை மத்திம சுருதியில் எடுங்கள், அதாவது 1 கட்டை. விசில் டி, அதாவது 2 கட்டை என்பதால் அதற்கு ஏற்றிக்கொண்டால் விசிலுக்கும் வசதி, பாட்டுக்கும் வசதி. ஐந்தரை கட்டைக்காரர் இரண்டிலும் சமாளித்துவிடுவார்.

கமகம்தான் பெரிய கண்ணி. மெட்டுகளின் ஸ்வரக்கட்டு நமக்குப் பழக்கமானது: சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரகரப்ரியா, நடபைரவி இந்த நான்கின் ஸ்வரங்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஸ்காட்லாந்தில் ஐந்து ஸ்வர மெட்டு அதிகம், மோகனமும் சுத்த சாவேரியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பழக்கம் இருப்பதாலேயே ஆபத்து. கரகரப்ரியா ஸ்வரம் என்று தெரிந்ததும் காந்தாரமும் நிஷாதமும் தானாக ஆடத் தொடங்கும். ஆடினால் அது கரகரப்ரியா ராகம், அயர்லாந்துப் பாட்டு இல்லை. அங்கே ஸ்வரம் குச்சி மாதிரி நேராக நிற்க வேண்டும். அலங்காரம் ஸ்வரத்தை அசைப்பதில் இல்லை, ஸ்வரத்தைச் சுற்றி வருவதில் இருக்கிறது.

பழக ஒரு நல்ல வழி நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார் இல்லையா, அதில் 'வந்தே மீனாக்ஷி' என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மேலோ ஊர்ப் பெயரைத் தாங்கிய நடன மெட்டு. அதை எந்த ஸ்வரமும் அசையாமல் பத்து நிமிடம் பாடிவிட்டு ஒத்திகையைத் தொடங்குங்கள். தொண்டை அந்த நேர்கோட்டுக்கு வந்துவிடும்.

பிறகு அலங்காரம். முதலில் வெட்டு: காந்தாரத்தைப் பிடிக்கும் முன் மத்திமத்தை ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டுவிட்டு விழுவது. அடுத்து சுருட்டு: 'க ம க ரி க' ஐந்தையும் ஒரே அசைக்குள் அடக்குவது. மூன்றாவது நிரப்பு: ச-வில் இருந்து ப-வுக்குத் தாவுகிற இடத்தில் நடுவில் இருப்பதை மெல்லத் தொட்டுப் போவது. ஜாருவும் (சறுக்கல்) உண்டு, ஆனால் குறுகியது, நம்முடையதில் கால்வாசி நீளம். முதல் சரணத்தை முழுக்க வெறுமையாகப் பாடுங்கள். இரண்டாவதில் வரிக்கு ஒன்று, மூன்றாவதில் இரண்டு மூன்று. ஒவ்வொரு சரணத்திலும் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்தில் வந்தால் பாடம் பண்ணியது தெரிந்துவிடும். வட்டாரத்துக்கு வட்டாரம் அளவும் வேறு: கானமாரா பாணியில் அலங்காரம் அடர்த்தி, டோனிகாலில் குறைவு, தாள நடையும் சீராக இருக்கும். குழுவாகப் பாடுகிற உங்களுக்கு டோனிகால் பாணிதான் உத்தமம். அல்டன் குழுவின் மரேட் நீ வீனி பாடியதைக் கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சுருட்டு போடப் போனால் சந்தைக்கடை ஆகிவிடும். அலங்காரம் ஒருவருக்கு மட்டும், மற்ற நால்வர் வெறும் மெட்டு.

மூச்சு பற்றி ஒன்று. வரி முடிவில் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கினால் பஜனைச் சாயல் வந்துவிடும். ஷான் நோஸில் வரிக்கு நடுவே மூச்சு வாங்கிவிட்டு, ஒரு வரியின் கடைசிச் சொல்லை அடுத்த வரியோடு ஒட்டிப் பாடுகிற வழக்கம் உண்டு. நீட்ட வேண்டிய இடத்தில் உயிரெழுத்தைப் பிடித்துத் தொங்காமல் ன், ம், ல், ர் மீது நிற்பார்கள். தமிழ் பேசுகிற நாக்குக்கு இது வெகு சுலபம். ஞ, ள எல்லாம் நமக்குக் கைவசம் இருக்கிறது.

---

ஒலிமேசை (லாஸ்பேட்டை) எழுதியது:

மேலே சொன்னதற்கு வழிமொழிகிறேன், ஸ்டூடியோ பங்கை மட்டும் சேர்க்கிறேன்.

நீங்கள் மனதில் வைத்திருக்கிற அந்தப் பனிமூட்டச் சத்தத்துக்கு வயது நாற்பத்துச் சொச்சம்தான். டோனிகாலின் க்வீடோரைச் சேர்ந்த, மோயா பிரென்னன் பாடிய கிளானட் குழு 1982இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஐரிஷில் பாடிய பாட்டு பிரிட்டன் தரவரிசையில் 5ஆம் இடம் வரை ஏறியது. குரல் மேல் குரல், கீழே சிந்தசைசர். அந்தக் குழுவில் கொஞ்ச காலம் இருந்த மோயாவின் தங்கை என்யா, தயாரிப்பாளர் நிக்கி ரயனோடு சேர்ந்து அந்த அடுக்கு வேலையை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1988இல் உலகம் முழுக்கக் கேட்டது. அவர் பாட்டில் கேட்கிற கூட்டம் ஒரே ஆள், தன் குரலையே திரும்பத் திரும்பப் பாடிச் சேர்த்தது. டைட்டானிக் படத்தில் வருகிற பெண்குரலைக் கெல்டிக் என்று நினைப்பவர்கள் பலர். பாடிய சிசல் நார்வேக்காரர். லொரீனா மெக்கெனிட் கனடாவில் பிறந்தவர். குறை சொல்லவில்லை, எல்லாம் நல்ல பாட்டு. ஆனால் அந்தச் சத்தத்தைப் பாரம்பரியம் என்று நம்பித் தொண்டையில் வரவழைக்கப் பார்த்தால் வராது, மிக்சரில்தான் வரும்.

பதிவுக்கு: தனிக்குரல் என்றால் மைக்கில் இருந்து 25–30 செ.மீ. தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் கீழ்ச்சுருதி ஊதிப் பெருக்கும், மூச்சு விழும், ஹம்மிங் மணம் வந்துவிடும். 80–100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ரிவெர்ப் (எதிரொலி) போடுவதானால் 1.2 முதல் 1.5 நொடி, முன் தாமதம் 30 மில்லி நொடி அளவில். முன் தாமதம் ஏன் என்றால், சொல் முதலில் காதுக்கு வரும், எதிரொலி பிறகு வரும், சொல் கலங்காது. அளவு எவ்வளவு? அணைத்தால் மட்டும் 'ஏதோ போச்சே' என்று தோன்ற வேண்டும். இருக்கும்போதே தெரிந்தால் அதிகம். 3 நொடி வைத்து அலங்காரக் குரலை அதில் விட்டால் வெட்டும் சுருட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும்.

அடுக்குக் குரல் வேண்டுமென்றே ஒரு பாட்டுக்கு வேண்டும் என்றால்: ஒரே வரியை 6 முறை தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், நகல் எடுத்து ஒட்டாதீர்கள். நகல் எடுத்தால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. முதல் பதிவில் மட்டும் ச, ட, க எல்லாம் தெளிவாக, மற்ற ஐந்தில் மெய்யெழுத்தை மழுக்கிப் பாட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு 'ஸ்'ஸும் ஆறு முறை சீறும். ஆட்டோட்யூன் போட்டு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் ஆறு குரல் ஒரு ஆர்கன் மாதிரி ஆகிவிடும். சின்னச் சின்ன விலகல்தான் அந்த அகலமே.

மேடையில் அடுக்கு கிடையாது, சரி. கடற்கரைச் சாலைப் பக்கம் மேடை கிடைத்தால் சாயங்காலக் காற்று மைக்கில் மோதும், 'பம் பம்' என்று வரும். எல்லா மைக்குக்கும் ஃபோம் உறை, 120 ஹெர்ட்ஸ் கீழ்வெட்டு. உதட்டில் இருந்து 5–8 செ.மீ. ஐந்து மைக் தேவையில்லை: தனியாகப் பாடுகிறவருக்கு ஒன்று, மற்ற நால்வருக்கு இரண்டு. மைக் கூடக் கூட ஊளை வருகிற வாய்ப்பும் கூடும்.

யூட்யூபில் போடுவதாக இருந்தால் இன்னொன்று. பாட்டு பழையதாக இருக்கலாம், ஆனால் ஒரு குழு செய்த இசைக்கோர்வைக்கு உரிமை உண்டு. அவர்கள் இடையிசையை அப்படியே எடுத்தால் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். மெட்டை மட்டும் எடுத்து இடையிசையைச் சொந்தமாகப் போடுங்கள்.

---

பின்பாட்டு (வில்லியனூர்) எழுதியது:

ஸ்காட்லாந்துப் பாட்டு எது என்று சொல்லவில்லை. ஐந்து பெண்கள் என்றால் துணி அடிக்கிற பாட்டை எடுங்கள், அதற்காகவே பிறந்த வகை.

மேற்குத் தீவுகளில் நெய்த கம்பளித் துணியைக் கெட்டிப்படுத்த, பழசான சிறுநீரில் ஊறவைத்து (அம்மோனியாவுக்காக) பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அடிப்பார்கள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. மணிக்கணக்கான வேலை என்பதால் பாட்டு வேலைக்குக் கட்டுப்பட்டது: ஒருத்தி ஒரு வரியோ இரண்டு வரியோ பாடுவாள், மற்றவர்கள் 'ஹி ரி ஹோ ரோ' மாதிரிப் பொருளில்லாத அசைகளால் பதில் கொடுப்பார்கள். நடவு வயலில் ஒருவர் எடுத்துக் கொடுக்க வரிசை முழுக்க வாங்கிப் பாடுகிற அதே ஏற்பாடு. பெண்குரல் ஏன் இந்த இசையில் இவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் இதுதான்: வேலை பெண்களுடையது, பாட்டு வேலையோடு வந்தது, அதனால் பாட்டும் அவர்களிடமே தங்கியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலை ஒழிந்தது, பாட்டு நின்றது. பாரா தீவின் ஃப்ளோரா மெக்நீல் மாதிரியானவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கேரன் மாதீசன் பாடுகிற கேப்பர்கேய்லி குழு அப்படி ஒரு பாட்டை 1992இல் பிரிட்டனின் முதல் 40க்குள் கொண்டுபோனது. ஸ்காட்லாந்து கேலிக் மொழிக்கு அதுதான் முதல் தடவை.

மேடையில் செய்யும் முறை: 2.5 மீட்டர் பலகை, இரண்டு ஸ்டூல் மேல். பழைய கம்பளி அல்லது கெட்டியான ஜமக்காளம் 3 மீட்டர், இரு முனையையும் தைத்து வளையமாக்குங்கள். அசலிலும் தைப்பார்கள். நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள், சொட்டக்கூடாது. மேடை ஒயர்மேல் தண்ணீர் விழுந்தால் ஷாக். காய்ந்த துணி 'டப்' என்று வெறுமையாகக் கேட்கும், ஈரத்துணிக்குத்தான் அந்தக் கனத்த அடி. முன்னால் ஒரு அடி, இழுத்து ஒரு அடி, பிறகு இடது கைப்பக்கம் தள்ளுவது. துணி மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற திசையில் போக வேண்டும், சூரியன் போகிற திசை என்பது அங்கே ஐதீகம். தவறுவது பெரும்பாலும் இங்கே: பாட்டைத் தாளத்தில் பிடித்துவிட்டுத் துணியை அதற்கு ஏற்றமாதிரி அடிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பாடாமல் 2 நிமிடம் அடி மட்டும். கை சீரானதும் பாட்டு அதன்மேல் ஏறட்டும். தொடக்கத்தில் மெதுவாக எடுத்துப் போகப்போக விரைவு கூட்டலாம். பொருளில்லாத அசை என்று அலட்சியம் வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் அசைக்கோவை நிலையானது, மாற்றினால் பாட்டே மாறிவிட்டதாகக் கேட்கும். மைக் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் கனமான ஃபோம் வையுங்கள், பலகை அதிர்வு தரைவழியாக ஏறும்.

பிரெத்தோனுக்கு வருவோம். புதுச்சேரிக்குப் பிரிட்டனி அந்நியமே இல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் உருவான லோரியான் துறைமுகம் பிரிட்டனியில்தான், இங்கே வந்த கம்பெனிக் கப்பல்கள் அங்கிருந்து கிளம்பின. சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சாம் மாலோவில் பிறந்தவர், அதுவும் பிரிட்டனி. அதே லோரியானில்தான் 1971 முதல் ஆகஸ்டு தோறும் கெல்டிக் விழா நடக்கிறது. மேடையில் அறிவிப்புக்கு இது போதும்.

எடுக்க வேண்டிய வகை கான் ஹா திஸ்கான். இரண்டு பேர். முதலாமவர் ஒரு வரி பாடுவார். அவருடைய கடைசி இரண்டு மூன்று அசையில் இரண்டாமவர் சேர்ந்துகொண்டு, அதே வரியைத் தனியாகத் திருப்பிப் பாடுவார். அதன் முடிவில் முதலாமவர் ஏறிக்கொள்வார். ஆட்டத்துக்கான பாட்டு, இடைவெளி விழக்கூடாது. தெருக்கூத்துப் பின்பாட்டு கேட்டவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபடும், கோர்த்துக்கொள்கிற அந்த இரண்டு அசைதான் கூடுதல். அங்கேதான் புதியவர்கள் வழுக்குவார்கள்: சேரும்போது மரியாதையாகக் குரலைத் தாழ்த்துவார்கள். தாழ்த்தக்கூடாது, சேருகிற இடம்தான் சத்தமாக இருக்க வேண்டும், ஆடுகிறவர்களுக்குக் கால் அங்கே விழுகிறது. குவாதெக் சகோதரிகள் மூவரையும் கேளுங்கள், வயதான பெண்கள், திறந்த வெளிக்குப் பழகிய கரடான குரல், அதில் மென்மை தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் கால் சும்மா இருக்காது. பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது உங்களிடம் இருந்தால் அவரைத்தான் கவனிக்க வேண்டும். பிரெத்தோன் பிரெஞ்சின் கிளை இல்லை, பெரும்பாலான வட்டாரங்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும், பிரெஞ்சுப் பழக்கம் அதைக் கடைசிக்கு இழுத்துவிடும்.

ஒன்று தவிர்க்கலாம்: அயர்லாந்து ஒப்பாரி. கீனிங் என்பது நம் ஒப்பாரிதான், உறவுபோல் ஒட்டும். இறந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வீட்டையும் குதிரையையும் குலத்தையும் புகழ்வது, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சேர்ந்து அழுவது, அதற்கென்றே அழைத்துவரப்பட்ட பெண்கள், பாதிரிமார்களின் எதிர்ப்பு. 1773இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லீரிக்காக மனைவி ஐலீன் டுவ் பாடியது இன்றும் பாடமாக இருக்கிறது. கேட்க வேண்டியது, ஆனால் விழா மேடையில் பாட வேண்டியது இல்லை. கடலூர்ப் பக்கத்து ஆத்தாக்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் நல்ல நாளும் அதுவுமா என்று திட்டுவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

---

அரியாங்குப்பம்77 எழுதியது:

எல்லாம் சரி, 'பெண்குரல்' என்று தனிப்படுத்துவதே வியாபாரம் செய்த வேலை. ஜோ ஹீனி, தாராக் ஓ காஹான் மாதிரி ஆண்கள் இல்லாமல் ஷான் நோஸ் ஏது? 1994இல் வந்த ரிவர்டான்ஸ் நடன நிகழ்ச்சிக்குப் பிறகு, 2004இல் 'கெல்டிக் வுமன்' குழு வந்த பிறகு நீளக் கவுன், மெழுகுவத்தி, கோட்டை என்று ஒரு அச்சு வந்துவிட்டது. கேட்பதானால் பழைய பதிவைக் கேளுங்கள். 1951இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் எடுத்தவை இணையத்தில் இலவசம். கார்க் மாவட்டத்தைச் சேர்ந்த எலிசபெத் க்ரோனின் அதில் இருக்கிறார், 1879இல் பிறந்தவர், சமையலறைக் குரல். ஸ்காட்லாந்துக்கு 'டோபர் அன் டூல்கஸ்' தளம்.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மத்திமசுருதி சார் சொன்னபடி இரண்டாவது பாட்டு ப-வில் தொடங்கி ப-வில் முடிகிற வகைதான், 2 கட்டைக்கு மாற்றியதும் ஹம்மிங் தன்மை பாதி குறைந்துவிட்டது. துணிப் பாட்டு நிச்சயம் எடுக்கிறோம்.

இன்னும் மூன்று. விசில் கூடவே வாசித்தால் குரல் அமுங்குகிறது, அது ஏன்? ச-ப-ச-ப கூட்டிய வயலினை மாற்றிக் கூட்ட வேண்டுமா? ஒரு பவ்ரான் (அயர்லாந்துக் கைமேளம்) இரவல் கிடைக்கிறது, சேர்க்கலாமா? நேரப் பங்கீடும் யாராவது சொன்னால் நல்லது.

அரியாங்குப்பம் அண்ணா, ஆண்கள் வேண்டாம் என்று இல்லை, குழுவில் ஆள் இல்லை!

---

மத்திமசுருதி எழுதியது:

டி விசிலின் எல்லாத் துளையையும் மூடினால் வருவது 2 கட்டை ஷட்ஜம், மேலே மூன்று துளை மட்டும் மூடினால் 5 கட்டை ஷட்ஜம். ஆனால் அது ஒலிப்பது உங்கள் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே, காதுக்கு மிகக் கூர்மையான பகுதியில். மேல் ஸ்தாயிக்குக் கொஞ்சம் பலமாக ஊத வேண்டும் என்பதால் மெட்டு ஏற ஏற விசில் சத்தமும் தானாக ஏறும். அப்போது சொல் போய்விடும். சரணத்தில் விசில் வேண்டாம். இரண்டு சரணத்துக்கு ஒரு முறை நடுவில் மெட்டை முழுக்க ஒரு தடவை வாசித்துவிட்டு வாயை எடுத்துவிடட்டும். லோ விசில் (ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது) கிடைத்தால் கதை வேறு, அது குரலோடு ஒட்டும்.

வயலின்: 5 கட்டையில் ச-ப-ச-ப என்றால் கீழ் இரண்டு தந்தியும் ஏற்கெனவே ஜி, டி. அப்படியே இருக்கட்டும். மேல் இரண்டு தந்தியை ஒவ்வொரு முழு ஸ்வரம் ஏற்றினால் ஏ, ஈ. அங்கத்திய கூட்டு வந்துவிடும். ஆனால் வாசிப்பவருக்கு விரல் பழக்கம் மாறும், ஒரு வாரத்துக்குள் பழகாது. நேரம் குறைவென்றால் கூட்டை மாற்றாமல் வாசிப்பை மாற்றுங்கள்: விரலை இழுத்து ஸ்வரத்துக்குப் போகாமல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி விரல், வில் குறுகல். தனிப் பாட்டின்போது கீழ் ஜி தந்தியை மட்டும் மெல்ல நீட்டிப் பிடித்தால் போதும். பரம்பரைக்காரர்கள் அதுவும் கூடாது என்பார்கள், ஆனால் திறந்தவெளியில் சுருதி நழுவாமல் இருக்க அது துணை.

---

ஒலிமேசை எழுதியது:

பவ்ரான் ஆட்டுத்தோல். இங்கத்திய ஈரப்பதத்தில் அரை மணியில் தொய்ந்து 'தொப்' என்று ஆகிவிடும். உள்பக்கம் திருகாணி இருக்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள், இருந்தால் மேடை ஏறும் முன் எதிரெதிர்த் திருகாணிகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று. இல்லாத வகை என்றால் பறை காய்ச்சுவதுபோல் தீயில் காட்டப் போகாதீர்கள், தோல் மெல்லியது, விளிம்பில் கிழியும். ஹேர்டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து 2 நிமிடம் போதும். துணிப் பாட்டுக்கும் ஷான் நோஸுக்கும் அது வேண்டவே வேண்டாம், பிரெத்தோனுக்கு மட்டும். வாசிக்கத் தெரியாதவர் கையில் அது இருந்தால் எல்லோருக்கும் தண்டனை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம்: தனிக்குரல் பாட்டு 4 நிமிடம் முதலில், கூட்டம் அடங்காமல் இருக்கும்போதே. கத்தாதீர்கள், அடங்கிவிடும். அடுத்து குழுப் பாட்டு 4. பிறகு பிரெத்தோன் 3, துணிப் பாட்டு 3 கடைசியில், பலகையை நடுவில் போட்டு எடுக்க நேரமாகும் என்பதால். மீதி 1 நிமிடம் பலகை வைக்க. அந்த இடைவெளியில் பின்பாட்டு சொன்ன லோரியான் கதையைச் சொல்லிவிடலாம். ஃபோம் உறை கருப்பு வேண்டாம், நல்ல நிறத்தில் வாங்கிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். விழா மேடையில் அடுத்த குழுவோடு மாறிப் போகிற முதல் பொருள் அதுதான்.